படியில்லாத மூன்று நாள்

"ரெண்டே ரெண்டு படிதாம்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வியெஸ்லாவாவுக்கு உச்சந்தலை வரை சூடேறும். அந்த ரெண்டே ரெண்டு படிகளால்தான் அவள் கணவன் போகுமில், அண்ணன் மகள் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலோடு நின்றுவிட்டான். அதே போல இரண்டு படிகளுக்காகப் பல் மருத்துவரை மாற்றினார்கள், முடி வெட்டுகிறவரை மாற்றினார்கள், முப்பது வருடம் ரொட்டி வாங்கிய கடையை மாற்றினார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

போகுமில், போலந்தின் வூச் நகரத்தில் முப்பத்தொரு வருடம் ட்ராம் ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரைப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார்கள். தொடையில் புண் வந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வியெஸ்லாவாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்கு மதிய சூப் காய்ச்சிவிட்டு வந்து, வீட்டில் நாற்காலியைத் தள்ளுவாள்.

அந்த மே மாதத்தோடு அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். லிஸ்பனுக்கு மூன்று நாள் போய் வரலாம் என்று சொன்னது அவள்தான். பணிமனையில் அவனுடைய அலமாரிக் கதவின் உட்புறம் இருபது வருடமாக ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தது. லிஸ்பனின் ஒற்றைப் பெட்டி மஞ்சள் ட்ராம் ஒன்று, வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு ஒரு சந்தில் செங்குத்தாக ஏறும் படம். வூச் பலகை போட்டது போலத் தட்டையான ஊர். "அந்த ஏத்தத்துல ப்ரேக் பிடிக்கிறவன்தாண்டா டிரைவர். நாமெல்லாம் பால்வண்டிக்காரனுங்க" என்று போகுமில் சகாக்களிடம் சொல்வான். வேலையை விட்டு வந்த நாளில் அந்தப் படத்தைக் கிழிக்காமல் பிய்த்து எடுத்து வந்து மேசை இழுப்பறையில் போட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வியெஸ்லாவாவும் கேட்கவில்லை. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது வேறு ஊர் எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

திட்டம் போட்டுத் தரச் சொல்லி, மார்ச் மாதத்தில் 'வானம்பாடி' என்ற பயண ஏற்பாட்டுக் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண்ணின் பெயர் பௌலினா. நகத்தில் செர்ரி நிறம், வாயில் சிரிப்பு. 'ஜோடிகளுக்கு லிஸ்பன்: மூன்று நாள்' என்று அச்சடித்த தாளை எடுத்து நீட்டினாள். முதல் நாள் கோட்டை, மலையேறும் ட்ராம், மேட்டின் மேலிருந்து சூரிய அஸ்தமனம். இரண்டாம் நாள் மடாலயம், கோபுரம், இரவு பாட்டு விடுதி.

"என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில இருக்கார்மா" என்றாள் வியெஸ்லாவா.

பௌலினாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் தாளுக்கு இறங்கியது. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கோட்டை, ட்ராம், மேடு, கோபுரம், பாட்டு விடுதி. கடைசியில் நிமிர்ந்து, "அப்போ… ஐயாவுக்கு மீன் பார்க்கப் பிடிக்குமாம்மா? பெரிய மீன் காட்சியகம் இருக்கு. எல்லாம் சமதரை. குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

வியெஸ்லாவா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். 

அன்று ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினாள். நாற்பது நாள், வேலை முடிந்து வந்து, கைபேசியின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு லிஸ்பனிலுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் கடிதம் போட்டாள். எத்தனை படி? ஒரு படி எத்தனை உயரம்? கைப்பிடி உண்டா? கழிப்பறைக் கதவு எத்தனை அகலம்? பதில்கள் வந்தன. 'எங்கள் இடம் எல்லோரையும் வரவேற்கிறது.' 'சில படிகள் மட்டுமே.' 'உடன் வருபவர் பலசாலி என்றால் சிரமமில்லை.' இந்தக் கடைசிப் பதிலைப் படித்துவிட்டுக் கைபேசியைச் சோபாவில் வீசினாள். பிறகு எடுத்து, அந்த இடத்தையும் அடித்துவிட்டு, அடுத்ததற்கு எழுதினாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை அவள் வீடு திரும்பியபோது, போகுமில் சமையலறை மேசைக்கு முன் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தான். அடுப்பில் ஸலேவைகா என்ற புளிப்பு உருளைக்கிழங்கு சூப் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

"இது என்ன?"

"பாத்தா தெரியலயா? லிஸ்பன்ல எங்கெங்க போறோம்னு."

"லிஸ்பனா? நான் ஏதோ ஆஸ்பத்திரி கட்டப் போறியோன்னு நெனச்சேன்." பக்கத்தைத் தட்டினான். "பூங்கா, பூஜ்யம். அருங்காட்சியகம், பூஜ்யம். கடைவீதி, பூஜ்யம், கழிப்பறை உண்டு. ரெண்டாம் நாள் பூரா மீன் காட்சியகம்! எனக்கு என்ன வயசு, ஆறா? மீனுக்கு டாட்டா காட்டணுமா நான்?"

"கத்தாதே. சுவரு மெலிசு."

"ட்ராம்." அவன் விரல் ஒரு வரியில் நின்றது. "மூணு படி, முழங்கால் உயரம், வேண்டாம். இந்த 'வேண்டாம்'னு யார் சொன்னது? என்னை யாராவது கேட்டாங்களா? எழுபத்தெட்டு எடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கே. இதோ இங்க, எட்டடி தூரத்துல நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் திரும்பினாள். அவ்வளவு நேரம் அவளுக்குள் இருந்தது வருத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"எதைக் கேக்கணும்? போன வருஷம் கேட்டேனே, மாதா கோயில்ல நாலு பேர் தூக்கிட்டுப் போறாங்களாம், சரியான்னு. என்ன சொன்னே? 'நான் என்ன சவப்பெட்டியா'ன்னே. சரி, தூக்க வேணாம். அப்போ படி இல்லாத எடமா பாக்கணும். படி இல்லாத எடம்னா மீனு. நீ கோபப்படறதோட உன் வேலை முடிஞ்சுது போகுஷ். அதுக்கப்புறம் உக்காந்து படியை எண்ணறது நான். ஒவ்வொரு வாசல்லயும் நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே, நான் பல்லைக் காட்டணும், 'பரவால்லீங்க, நாங்க வெளியவே இருக்கோம்'னு. இந்தா!" நோட்டைப் பிடுங்கி, மறுபடி அவன் மடியிலேயே எறிந்தாள். "நீயே போடு திட்டம். நான் சூட்கேஸைத் தூக்கிட்டுப் பின்னாடி வரேன்."

மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நான்காம் நாளிலிருந்து போகுமில் திட்டம் போட ஆரம்பித்தான். அவன் கடிதம் எழுதுகிறவன் இல்லை, லிஸ்பனில் போலிஷ் பேசும் பயண ஏற்பாட்டுக்காரர்களைத் தேடித் தொலைபேசியை எடுத்தான். வியெஸ்லாவா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, நான்தான் அந்த நாற்காலி ஆசாமி… இல்ல, என்கிட்டயே பேசலாம். எனக்குக் காலுதான் இல்ல, வாய் இருக்கு… எதுக்கு என் மனைவிகிட்ட குடுக்கணும்? அவளுக்கா கால் இல்ல?" பிறகு தொலைபேசி மேசையில் விழும் சத்தம். கெட்ட வார்த்தை. மறுபடி எண் அழுத்தும் சத்தம்.

அவளுக்கு ஒரு கொடூரமான திருப்தி வந்தது. படட்டும், தெரியட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஐந்தாவது அழைப்பில் அவன் குரல் தாழ்ந்து, "சரிங்க… பரவால்லீங்க… நாங்க வெளியவே இருக்கோம்" என்று சொன்னபோது, கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு மாடி முகப்பில் போய் நின்றுகொண்டாள்.

கடைசியில் அவன் போட்ட திட்டம் ஒரே வரிதான். 'வெள்ளி: ட்ராம். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.'

"எப்படி ஏறுவே?"

"உக்காந்து. பின்பக்கமா. நம்ம லிஃப்ட் ரிப்பேரா இருந்தப்போ நாலு மாடி எறங்கலயா?"

"அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டான்னு ரெண்டு நாள் சாப்பிடல நீ."

"லிஸ்பன்ல பக்கத்து வீட்டுக்காரி இல்ல" என்றான்.

*

லிஸ்பன் விடுதியில் லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தார்கள். உண்டுதான். ஆறு படி ஏறிப் போனால் லிஃப்ட். வரவேற்பு மேசையிலிருந்தவன் ஆறு விரலைக் காட்டி, தோளைக் குலுக்கிச் சிரித்தான்.

வியெஸ்லாவாவுக்குப் போர்த்துகீசியத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்தக் கோபத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. பைகளை மேசை மேல் தூக்கி வைத்தாள். கடிதத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். போலிஷ் மொழியிலேயே ஒன்று விடாமல் சொன்னாள். முதலாளியம்மா இறங்கி வந்தாள். அரைமணி நேரத்தில் கீழ்த்தளத்தில், சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டி.

"எழுபத்தெட்டு கடுதாசி போட்டே, லிஃப்டுக்கு முன்னாடி என்னன்னு கேக்கலயே" என்றான் போகுமில்.

"வாயை மூடு."

மறுநாள் காலை ட்ராம் நிறுத்தத்தில் வரிசை ஏற்கனவே மூலை திரும்பியிருந்தது. வெயிலில் ஐம்பது நிமிடம் நின்றார்கள். கருங்கல் பாவிய தெரு. நாற்காலியின் முன்சக்கரம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இடறியது. மஞ்சள் ட்ராம் வந்து நின்றது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. போகுமில் அதன் சக்கரத்தைப் பார்த்தான், ப்ரேக் கட்டையைப் பார்த்தான், முன்னால் ஓட்டுநரின் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு நாற்காலியிலிருந்து வலது காலை ஊன்றி எழுந்து, திரும்பி, முதல் படியில் உட்கார்ந்தான்.

இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கினான். ஒரு படி. கழுத்து நரம்பு புடைத்தது. காலியான கால்சட்டைப் பாதி மடித்துக் குத்தியிருந்தது அவிழ்ந்து, படியில் புரண்டது. இன்னொரு படி.

 வரிசையிலிருந்து ஒரு கிளிக் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட ஒருவன், நாற்பது வயது இருக்கும், கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி, கண்ணில் நீர் நிற்க, அவளும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வியெஸ்லாவா போய் அவன் முகத்துக்கு முன்னால் நின்றாள். கைபேசியை முழுக்க அவள் முகம் மறைத்தது.

"எடு! என்னை எடு! முந்நூறு பிள்ளைக்குச் சூப் காய்ச்சற மூஞ்சி, நல்லா எடுத்துக்கோ! அவன் என்ன சர்க்கஸா? முப்பத்தொரு வருஷம் ட்ராம் ஓட்டினவன்யா! நீ எப்பவாவது எதையாவது ஓட்டியிருக்கியா, கழுதையைத் தவிர?"

தொப்பிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. கைபேசியைத் தாழ்த்தினான். கண்ணீர்க்காரி ஏதோ சொல்ல வந்தாள். வியெஸ்லாவா அவள் பக்கம் விரலை நீட்டியதும் பின்வாங்கினாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது போகுமில் உள்ளே கம்பியைப் பிடித்து, ஜன்னலோர இருக்கைக்கு ஏறியிருந்தான். வரிசையில் நின்றவர்கள் அவளைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியை மடித்துத் தூக்கிப் படியில் வைத்தாள். ஓட்டுநர், முடியை இறுகக் கட்டிய ஒரு பெண், தலையை ஆட்டினாள். உள்ளே கையைக் காட்டினாள். இரண்டு இருக்கைக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். மடித்த நாற்காலிக்கு அங்கே இடமே இல்லை.

"எறங்கு போகுஷ்!" என்று கத்தினாள்.

ஜன்னல் வழியாக அவன் தலை வெளியே வந்தது. முகம் வேர்த்துச் சிவந்து, சிறுபிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"எறங்க மாட்டேன். நீ டாக்ஸில வா. கடைசி நிறுத்தம், கல்லறைத் தோட்டத்து வாசல். தெரிஞ்சுதா? கல்லறைத் தோட்டம்!"

கதவு மூடியது. மணி அடித்தது. ட்ராம் மேட்டில் முனகிக்கொண்டு ஏறி, வளைவில் திரும்பி, மறைந்தது.

வியெஸ்லாவா ஒரு வெறும் சக்கர நாற்காலியோடு நடுத்தெருவில் நின்றாள்.

அந்த மாதிரி நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. எதிரே வந்தவர்கள் முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு அவளை, பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆள் செத்துப்போய்விட்டதாக நினைத்திருப்பார்கள். டாக்ஸி பிடித்ததும், கல்லறைத் தோட்டத்தின் பெயரைக் கைபேசியில் காட்டினாள். கிழட்டு டாக்ஸிக்காரர் பெயரைப் படித்தார், நாற்காலியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இல்லய்யா, உயிரோடதான் இருக்கான். இன்னும் கொஞ்ச நேரத்துல நான்தான் கொல்லப் போறேன்" என்றாள் வியெஸ்லாவா. அவர் இன்னும் பயபக்தியோடு பின்கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி மலைச்சரிவில் இறங்கியது. ஒரு திருப்பத்தில் ஆறு முழுவதும் தெரிந்தது. வெள்ளி மாதிரி, அகலமாக, கப்பலோடு. வியெஸ்லாவா ஜன்னலைத் திறந்தாள். மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன. தரையைப் பார்க்காமல், அடுத்த மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல், அவள் ஏதாவது ஒன்றைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ட்ராமில் அவன் விழுந்துவிட்டானோ, எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறானோ, எதுவும் தெரியாமல் இங்கே ஒருத்தி காற்று வாங்கிக்கொண்டு போகிறாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அவன் நிறுத்தத்துக் கல் திட்டில் உட்கார்ந்திருந்தான். கால்சட்டையெல்லாம் அழுக்கு, உள்ளங்கையில் சிராய்ப்பு. அவளைப் பார்த்ததும் கை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு ஓட்டினா பாரு வியெஷா! ஒரு எறக்கம், வீட்டு மேல விழற மாதிரி. நான்னா மூணு கெஜம் முன்னாடியே பிடிச்சிருப்பேன். இவ பிடிக்கல. பிடிக்கவே இல்ல! நான் கத்தினேன், 'பிடிடி'ன்னு. கடைசி நொடியில, சறுக்காம இருக்கத் தண்டவாளத்துல மணல் போட்டு, ஒரு பிடி. பூ மாதிரி நின்னுச்சு. எறங்கறப்போ என்னைப் பாத்து என்னமோ சொன்னா. திட்டினான்னுதான் நெனக்கிறேன்."

"நாற்காலி உள்ள வராதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

அவன் நீட்டியிருந்த கையை இறக்கினான்.

"ஃபோன்ல சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் நாற்காலியை அங்கேயே தரையில் போட்டாள். சத்தம் கேட்டு, பூ விற்கிற அம்மாள் எட்டிப் பார்த்தாள். "நடுத்தெருவுல என்னை ஒரு வெறும் நாற்காலியோட நிக்க வெச்சே. ஊரே எனக்குத் துக்கம் விசாரிச்சுது. டாக்ஸிக்காரன் தொப்பியைக் கழட்டினான். நீ கீழ விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? உன் பேரைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியாது இந்த ஊர்ல ஒருத்தனுக்கும்!"

"நாப்பது நிமிஷம்" என்றான் போகுமில். அவன் குரலும் ஏறியது. "ரெண்டு வருஷத்துல நாப்பது நிமிஷம் என்னை யாரும் தள்ளல. யாரும் எனக்குப் பின்னாடி நிக்கல. பக்கத்துல உக்காந்தவன் 'கொஞ்சம் தள்ளி உக்காரு'ன்னு இடிச்சான். அவனுக்குத் தெரியாது எனக்குக் கால் இல்லன்னு. முட்டியால இடிச்சான், வியெஷா! அது எப்படி இருந்துச்சுன்னு உனக்கு…"

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு!" என்று அவள் கத்தினாள். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "அந்த டாக்ஸியில. நீ இல்லாம. ஆறு தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு. போதுமா?"

 அடுத்த ட்ராம் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, கூரை மேல் மின்கம்பியைத் தொடும் கம்பத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பியது. போகுமில் அதைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நீ தனியாப் போ" என்றான் கடைசியில். அவன் சொன்ன தொனியில் பெருந்தன்மை எதுவும் இல்லை. சண்டையில் தோற்றவனின் எரிச்சல்தான் இருந்தது. "கோட்டை கீட்டை, என்னவோ பாரு. நான் எங்கயாவது உக்காந்திருக்கேன்."

"உன் அனுமதியை நான் கேக்கல. நான் போகத்தான் போறேன்."

சனிக்கிழமை அவள் போனாள். காலையில் அவனை ஆற்றங்கரைச் சதுக்கத்தில் ஒரு காபிக் கடை நிழலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினாள். முதல் சந்திலேயே மூச்சு வாங்கியது. ஐம்பத்தெட்டு வயது முழங்கால் வலித்தது. கோட்டைச் சுவரின் மேல் நின்று ஊரைப் பார்த்தாள். மயில் ஒன்று கத்திக்கொண்டு போனது. ஒரு சின்னக் கடையில் நின்றபடியே பன்றி இறைச்சி வைத்த ரொட்டி தின்று, செர்ரி மது ஒரு கோப்பை குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். அவன் அங்கே ஒருவேளை அவஸ்தைப்படுகிறானோ என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டு தடவையும், படட்டும் என்று விட்டாள். மூன்றாவது தடவை தோன்றியபோது இறங்க ஆரம்பித்தாள்.

சதுக்கத்தில் போகுமில் கடை நிழலில் இல்லை.  ஓடினாள். அவன் நூறு அடி தள்ளி, தண்டவாளத்து ஓரத்தில் இருந்தான். முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு இளைஞர்கள் இருபுறமும் நாற்காலியைப் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். அந்தரத்தில் இருந்தபடியே அவன் போலிஷ் மொழியில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டுட்டுத் தூக்குங்கடா! கேட்டுட்டு! இறக்குங்க! இறக்கிட்டு, கேட்டுட்டு, அப்புறம் தூக்குங்க!"

அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் பயந்து இறக்கினார்கள், அதே பள்ளத்தில். போகுமில் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, கையைக் காட்டி, தலையை அசைத்தான். மறுபடி தூக்கி, இந்தப் பக்கம் வைத்தார்கள்.

வியெஸ்லாவா மூச்சு வாங்க வந்து நின்றாள். கேட்க வேண்டியது எல்லாம் வாயில் இருந்தது. ஏன் நகர்ந்தாய், யார் சொன்னது, மண்டை உடைந்திருந்தால்.

"குடிச்சிருக்கியா நீ?" என்றான் அவன் மோந்து பார்த்துவிட்டு.

"ரெண்டு கோப்பை."

"எனக்கு?"

"மேட்டு மேல இருக்கு. போய்க் குடி."

அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். பிறகு அவள் நாற்காலிக்குப் பின்னால் போகாமல், பக்கத்தில் வந்து நின்றாள். அவன் சக்கரத்தைத் தானே உருட்ட, கருங்கல் மேல் இடறி இடறி, ஆற்றோரமாகப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதில் தகராறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு மறுபடி ட்ராம். அவளுக்கு, அவன் கிண்டல் பண்ணினாலும் சரி, அந்த மீனைப் பார்க்க வேண்டும்.